இடப்பக்கம் திரும்பாத இயந்திரம்

என்னிடம் வரைதல் படித்த பிள்ளைகள் என்னை எங்கேயாவது கண்டால் முதலில் விசாரிப்பது என் சுகத்தை அல்ல, கூம்பைத்தான். "மிஸ், இப்பவும் கூம்பு கீறாட்டி பத்துப் புள்ளி வெட்டுவீங்களா?" என்று சிரிப்பார்கள். ஓய்வுபெற்று நாவற்குடாவில் வீட்டோடு இருப்பவள் யாருடைய புள்ளியை வெட்டுவது? ஆனால் வெட்டியது உண்மைதான். படம் எவ்வளவு துப்புரவாக இருந்தாலும், தாளின் கீழ்மூலையில் நுனி வெட்டிய ஒரு சின்னக் கூம்பும் அதன் பக்கத்தில் இரண்டு வட்டங்களும் இல்லாவிட்டால் பத்துப் புள்ளி போய்விடும். யோகா மிஸ்ஸுக்குக் கூம்புப் பைத்தியம் என்று பட்டறையின் பின்சுவரில் யாரோ கரியால் எழுதிவைத்தார்கள். கையெழுத்து நன்றாக இருந்தது. அழிக்கச் சொல்லவில்லை.

இப்போது நான் வேலை செய்த தொழில்நுட்பக் கல்லூரிக்குப் புதிய சி.என்.சி. இயந்திரம் வந்திருக்கிறது. பழையதைக் கழற்றி ஏற்றுவதற்கு முன் அதைப்பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி, என் இடத்துக்கு வந்திருக்கும் விரிவுரையாளர் கேட்டார். அந்த இயந்திரத்தில் நான் தனியாக நின்று வெட்டியது ஒரே ஒரு துண்டு. அந்த ஒரு துண்டைப்பற்றி எழுதத்தான் என்னிடம் விஷயம் இருக்கிறது. கூம்பின் கதையும் அதற்குள்தான் கிடக்கிறது.

நான் படவரைஞராகத் தொடங்கியது ஒரு நீர்ப்பாசனத் திணைக்களக் கந்தோரில். இருபது வருடம் வாய்க்கால், மதகு, அணைக்கட்டு. எண்ணெய்த்தாளில் மைப்பேனாவால் கீறுவது, பிழைத்தால் சவர அலகால் சுரண்டுவது, சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து மழுக்கிவிட்டு மறுபடி கீறுவது. அந்த நாட்களைப்பற்றி எனக்கு ஏக்கம் எதுவும் இல்லை. மிச்சம் கழுத்து வலிதான். பிறகு கல்லூரிக்கு வரைதல் பயிற்றுநராக மாற்றம் கிடைத்தது. சில வருடம் சுகமாகப் போனது. அதற்குப் பிறகு கணினியில் வரையும் பாடம் வந்தது. அதன் பின்னால், கணினி சொல்லும் பாதையில் தானாக நகர்ந்து உலோகத்தைச் செதுக்கும் சி.என்.சி. இயந்திரமும் வந்து இறங்கியது.

இரண்டிலும் நான் ஒதுங்கித்தான் நின்றேன். பயம் என்று சொல்லமாட்டேன், அப்போது சொல்லவில்லை. "நான் அடிப்படை எடுக்கிறேன், கணினியை இளம் ஆட்கள் பார்க்கட்டும்" என்று கௌரவமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சுற்றறிக்கை வந்தது. அடுத்த தரத்துக்குப் போக விரும்பும் பயிற்றுநர்கள் அந்த இயந்திரத்தில் ஒரு மாதிரித் துண்டை வெட்டிக் காட்டி, தடைதாண்டல் பரீட்சை சித்தியடைய வேண்டும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. ஓய்வுக்கு இரண்டு வருடம். சித்தியடையாவிட்டால் வந்த தரத்திலேயே போகவேண்டியதுதான். எனக்கு அது பிடிக்கவில்லை. தரத்துக்காக மட்டும் அல்ல, வீம்புக்காகவும்.

அந்த வருடம் நான் மேற்பார்வை செய்த மாணவர் செயற்றிட்டத்தில் குழுவுக்கு மூன்று பேர். ஒருவர் பாதியில் கட்டார் போய்விட்டார். இன்னொருவர் வரவுப் புத்தகத்தில் மட்டும் இருந்தார். மிஞ்சியவள் தர்ஷிகா, சித்தாண்டிப் பிள்ளை. செயற்றிட்டத் தலைப்பை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். ஒரு கையால் ஓட்டக்கூடிய உழவு இயந்திரம்.

"யாருக்குப் புள்ள?" என்று கேட்டேன்.

"எங்கட மாமாக்கு மிஸ். அவருக்கு இடக்கை இல்ல. மெசின் வலப்பக்கம் மட்டுந்தான் கிறுகும்."

வலப்பக்கம் மட்டும் திரும்பும் இயந்திரம் என்றால் எனக்கு விளங்கவில்லை. போய்ப் பார்த்தால்தான் விளங்கும் என்று அவளும் சொன்னாள். போனோம்.

இரு சக்கர உழவு இயந்திரத்தை ஆள் பின்னால் நடந்து பிடித்துக்கொண்டு ஓட்டுவது. கைவண்டியைப்போல இரண்டு கைப்பிடி பின்னோக்கி நீண்டிருக்கும். இடக் கைப்பிடிக்கு அடியில் ஒரு லீவர், வலக் கைப்பிடிக்கு அடியில் ஒரு லீவர். இடது லீவரை இறுக்கினால் இடது சக்கரம் ஓய்ந்து இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். வலது லீவருக்கு வலப்பக்கம். சாமித்தம்பி என்ற அந்த மனிதருக்கு, நெல் சூடடிக்கும் இயந்திரத்தில் இடக்கை மணிக்கட்டோடு போய் மூன்று வருடம். ஆகவே இடது லீவரை இறுக்க ஆளில்லை. முழங்கையில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்திருக்கிறார். போன மாரியில் வரம்பால் இறங்கும்போது கயிறு சேற்றில் வழுக்கி, இயந்திரம் அவர்மேல் சரிந்து, சக்கரம் பாதத்தை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அதன்பிறகு கயிற்றை விட்டுவிட்டார். வயலை வெளிவரம்போடு தொடங்கி, வலம், வலம், வலம் என்று சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார். மூலைகள் உழுபடாமல் நிற்கும். அவற்றை மண்வெட்டியால் கொத்துவார், அதுவும் ஒரு கையால்.

நாங்கள் போன நேரம் அவர் வயலில் இருந்தார். மனைவி எங்களுக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு அடுப்படி வாசலில் காது கொடுத்துக்கொண்டு நின்றார். தூரத்தில் இயந்திரச் சத்தம் கேட்டது.

"சந்தியத் தாண்டிற்றார். இனி வாசிகசாலையச் சுத்தி வரணும்," என்றார். "வாசிகசாலையடியில சத்தம் கேட்டாத்தான் நான் சோறு வடிக்கிற. சரியா இரிக்கும்."

வீட்டுக்கு வரும் ஒழுங்கை சந்தியில் இடப்பக்கம். அவர் இடப்பக்கம் திரும்ப முடியாததால் சந்தியை நேரே தாண்டிப்போய், வலப்பக்கமாக மூன்று தரம் திரும்பி, வாசிகசாலையைச் சுற்றிவந்து, தெருவைக் குறுக்கே கடந்து ஒழுங்கைக்குள் நுழைவார். மூன்று வருடமாக அந்த வீட்டில் சோறு வடிப்பது அந்தச் சுற்றின் கணக்கில்தான் நடந்தது.

சாமித்தம்பி வந்து, கால் கழுவி, என் முன்னால் குந்தினார். அதிகம் பேசுகிறவர் இல்லை.

"இந்த மாரிதான் கடைசி மிஸ்," என்றார். "பொஞ்சாதிக்கும் மகனுக்கும் சொல்லிற்றன். இந்த முற எனக்கு ஏலாட்டி மெசினக் குடுத்திட்டு வயல வேற ஆளுக்கு விட்டிருவன். மெசினுக்குக் கீழ கிடந்து சாகிற எண்ணம் எனக்கும் இல்ல."

பல பேருடைய வயல்கள் சேர்ந்த வெளியை இங்கே வட்டை என்போம். வட்டைக்குப் பொறுப்பாக ஒரு விதானை உண்டு. விதைப்புக்குக் கடைசி நாள் என்று விவசாயிகள் கூட்டத்தில் வைத்ததை விதானை அறிவித்துவிட்டால், பிறகு ஒருவருக்காக வட்டை காத்துநிற்காது. அந்த நாளுக்குள் எங்கள் துண்டு இயந்திரத்தில் ஏறவேண்டும். செய்யவேண்டியது பெரிய காரியம் அல்ல. வலக் கைப்பிடியைக் கவ்விப் பிடிக்கும் ஓர் அலுமினியத் துண்டு. அதிலிருந்து உட்பக்கமாக நீளும் ஒரு கவை. அந்தக் கவையில், பெருவிரலால் அமத்தும்படி இன்னொரு லீவர். அங்கிருந்து சைக்கிள் பிரேக் கேபிள் ஒன்று இடது சக்கரத்துக்குப் போகும். நாலு விரல் வலப்பக்கத்துக்கு, பெருவிரல் இடப்பக்கத்துக்கு.

நான் முற்றத்தில் ஒரு முக்காலியில் இருந்து, கைப்பிடியை அங்குலம் அங்குலமாக அளந்து, துண்டு எப்படி வரவேண்டும் என்று பென்சிலால் கீறினேன். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேலிருந்து பார்க்கும் கிடைப்படம். கை பழகிய விதத்தில் கீறினேன். இந்த இடத்தை வாசிப்பவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணினியில் வரைய எனக்குக் கற்றுத் தந்தது தர்ஷிகாதான், மேற்பார்வை என் பெயரில் இருந்தாலும். அவள் அதைப் படித்தது பெரும்பாலும் தொலைபேசியில் காணொளி பார்த்து. என் பென்சில் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையில் கோடுகளை இழுத்து, அளவுகளைக் கொடுப்பாள். அளவு போதாத கோடு நீலமாக நிற்கும். எல்லா அளவும் கொடுத்ததும் கறுப்பாகும். "எல்லாம் கறுப்பா வரணும் மிஸ். நீலம் நிண்டா அது இன்னும் ஓடித் திரியும்," என்பாள். என் முறை வந்தபோது ஒரு வட்டத்தைக் கறுப்பாக்க எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. பிழைத்தால் ஒரு விசையை அமத்த, செய்தது இல்லாமல் போனது. சவர அலகோடு காலம் தள்ளியவளுக்கு அது முதலில் கள்ள வேலை மாதிரி இருந்தது. இரண்டாம் கிழமை பிடித்துவிட்டது. நான் மறைத்து என்ன பயன், மைப்பேனாவை விட அது எத்தனையோ மடங்கு நல்லது.

கோடுகள் முப்பரிமாணத் துண்டாகித் திரையில் சுழன்றதும், அதிலிருந்து மென்பொருளே வரைபடத் தாளை அச்சிட்டுத் தந்தது. நான் என் பென்சில் படத்தையும் அச்சுத் தாளையும் பக்கம் பக்கமாக வைத்து, சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு அளவையும் சரி பார்த்தேன். நாற்பத்தொரு அளவு. நாற்பத்தொன்றும் சரி. படமும் அச்சொட்டாக ஒன்றே. கவை எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கமே நின்றது. சரிபார்த்தது என்ற கட்டத்தில் கையெழுத்து வைத்தேன். அச்சுத் தாளின் மூலையில் மென்பொருள் தானாகவே ஒரு கூம்பும் இரண்டு வட்டமும் போட்டிருந்தது. அலங்காரம் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்கக்கூட இல்லை, என் கண் அந்தப் பக்கம் போகவே இல்லை.

இனி நௌபர் சேர். பட்டறைப் பொறுப்பாளர், ஓட்டமாவடிக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். வளைகுடாவில் பெரிய தொழிற்சாலைகளில் நின்றுவிட்டு வந்தவர். அந்த இயந்திரத்தில் யார் எதை வெட்டினாலும் அவரிடம் எட்டுக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லவேண்டும். தாளைப் பார்க்கக் கூடாது, இயந்திரத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். "தாளப் பாக்காதீங்க. மெசினுக்குத் தாள் வாசிக்கத் தெரியா," என்பார். என்ன துண்டு, எந்த உலோகக் கட்டி, அது யாருடையது, செதுக்கும் அலகான வெட்டி எது, எந்த இலக்கத்தில் இருக்கிறது, அளவு தொடங்கும் பூச்சியம் எங்கே தொட்டது, இறுக்கி வைத்த கவ்வி வெட்டியின் பாதையில் நிற்கிறதா, முதல் அசைவு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே போவார். ஒவ்வொரு பதிலுக்கும் "ம்" என்பார். சரி என்றும் சொல்லமாட்டார், பிழை என்றும் சொல்லமாட்டார். பதில் பிழையென்றால் "ம்" வராது, அவ்வளவுதான். நாங்களாகவே தேடவேண்டும். கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றே. "உங்கட கை எங்க இரிக்கி?" நிறுத்தும் விசைக்கு மேலே என்று சொல்லவேண்டும், அங்கே இருக்கவும் வேண்டும். அப்படியிருந்தும் இயந்திரத்தின் சிவப்பு அவசரக் குமிழில் தன் ஆட்காட்டி விரலை அவர் வைத்துக்கொண்டே நிற்பார். துண்டு முடியும்வரை எடுக்கமாட்டார். பதினைந்து வருட அனுபவக்காரர் வெட்டினாலும் அந்த விரல் அங்கேதான்.

பூச்சியம் தொடுவதை எனக்கு அவர் நாட்காட்டித் தாளால் பழக்கினார். சுவர் நாட்காட்டியில் கிழித்த நேற்றைய தாளைக் கட்டியின் மேல் வைத்து, வெட்டியை மெல்ல மெல்ல இறக்கி, தாளை விரலால் ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். தாள் இறுகும் அந்த இடம்தான் தொட்ட இடம். அதிலிருந்து தாளின் தடிப்பைக் கழிக்கவேண்டும். "கையால பாருங்க மிஸ், கண்ணால பாக்காதீங்க," என்பார். நான் பல நாள் பல தாளைக் கிழித்தேன். ஒரு நாள் தாள் இறுகுவது விரலுக்குத் தெரிந்தது. அவர் "ம்" என்றார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இனித்தது.

எங்கள் துண்டை முதலில் மரத்தில் வெட்டிப் பார்த்தோம். அழகாக வந்தது. அந்த மரத் துண்டைச் சித்தாண்டிக்குக் கொண்டுபோய் இயந்திரத்தில் வைத்துப் பார்த்திருக்கவேண்டும். ஆனால் அந்தக் கிழமை வாவி ஏறி, தெருவில் தண்ணீர் நின்றது. அளவு நாற்பத்தொன்றும் சரி என்று என் கையெழுத்து இருந்தது. மரத் துண்டு இரண்டு நாள் என் மேசையில் தாள் பறக்காமல் இருக்கும் பாரமாகக் கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் நௌபர் சேரின் விரல் குமிழில் இருக்க, தர்ஷிகா அலுமினியத்தில் வெட்டினாள். ஒரு குழுவுக்கு ஒரு கட்டிதான். கேட்ட உடனே இன்னொன்று வருகிற காலம் அல்ல அது.

தண்ணீர் வடிந்ததும் நானும் அவளும் துண்டைக் கொண்டு சித்தாண்டிக்குப் போனோம். சாமித்தம்பி அதைக் கையில் வாங்கி, பாரம் பார்த்து, விரலால் தடவினார். முகத்தில் சந்தோசம் தெரிந்தது. பிறகு வலக் கைப்பிடியில் வைத்துப் பார்த்தார். கவை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. பெருவிரல் இருப்பது உட்பக்கம். மறுபக்கம் திருப்பினார். கவை உள்ளே வந்தது, ஆனால் முன் பின்னாகி, கேபிள் போகவேண்டிய துளை ஓட்டுகிறவரின் வயிற்றைப் பார்த்து நின்றது. இன்னொரு தரம் திருப்பினார். கடைசியில் அதை எடுத்து இடக் கைப்பிடியில் வைத்தார். சட்டை மாதிரிப் பொருந்தியது.

"இது எனக்கில்லாத கைக்குச் செஞ்சதோ புள்ள?" என்றார்.

குத்திப் பேசவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்கு உள்ளே இறங்கியது. தர்ஷிகா அழத் தொடங்கினாள். அவருடைய மனைவி "அதுக்கென்ன, பரவாயில்ல, தேத்தண்ணியக் குடிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விதைப்புக்குக் கடைசி நாளுக்குப் பதினொரு நாள் இருந்தது.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இரண்டு தாளையும் மடியில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றே. எந்தக் கோட்டிலும் பிழை இல்லை. தர்ஷிகா, "நான்தான் எங்கயோ பிழையா விளங்கிற்றன் மிஸ்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் நௌபர் சேர் எங்கள் இருவரையும் முதுகுக்கு முதுகு இருத்தி, படத்தின் பிரதியை ஆளுக்கொன்றாகத் தந்தார்.

"தாள்ல வலப்பக்கம் ஒரு படம் இரிக்கிதானே. அது துண்டுக்கு எந்தப் பக்கம் நிண்டு பாத்தது? ஆளுக்காள் எழுதுங்க. கதைக்கப்படா."

நான் எழுதினேன்: இடப்பக்கம். அவள் எழுதினாள்: வலப்பக்கம். அவர் இரண்டையும் வாங்கி வாசித்தார்.

"ரெண்டு பேரும் சரி," என்றார். "அதுதான் பிழை."

வரைதலில் இரண்டு முறை உண்டு. நாங்கள் இங்கே பள்ளிக்கூடத்திலிருந்து கந்தோர் வரை பழகிய முறையில், ஒரு பொருளின் இடப்பக்கத்தில் நின்று பார்த்ததைத் தாளில் வலப்பக்கம் கீறுவோம். மற்ற முறையில் வலப்பக்கத்தில் நின்று பார்த்தது வலப்பக்கமே வரும். தர்ஷிகாவின் மென்பொருளும் காணொளிகளும் மற்ற முறை. நான் என் முறையில் கீறியதை அவள் தன் முறையில் வாசித்தாள். துண்டு கண்ணாடிக்குள் தெரிவதைப்போல மாறிப் பிறந்தது. அந்த மாறிய துண்டை மென்பொருள் தன் முறையில் தாளில் இறக்கியபோது, அது என் பென்சில் படத்தைப்போலவே வந்து நின்றது. இரண்டு தரம் மாறியதால் தாளில் ஒன்றும் மாறவில்லை. நாற்பத்தொரு அளவு அல்ல, நானூறு அளவு பார்த்திருந்தாலும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

எந்த முறையில் கீறியது என்று காட்டத்தான் அந்தக் கூம்பு. வட்டங்கள் கூம்பின் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதுதான் அடையாளம். அச்சுத் தாளில் கூம்பு இருந்தது, நான் பார்க்கவில்லை. என் பென்சில் படத்தில் கூம்பே இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் நான் அதைக் கீறியதில்லை. எல்லாரும் ஒரே முறையில் கீறும் இடத்தில் அது எதற்கு என்று விட்டுவிட்டேன். தர்ஷிகா வாசித்ததில் குற்றம் இல்லை. இன்ன மொழியில் எழுதியது என்று சொல்லாமல் கடிதம் கொடுத்தவள் நான்தான். அவளுடைய புள்ளியில் கை வைக்கக்கூடாது, பிழை படத்தைச் சரிபார்த்தவருடையது என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். நௌபர் சேர் வாசித்துவிட்டு "ம்" என்றார்.

திரையில் துண்டைத் திருத்த ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. கண்ணாடிபோல் மாற்ற அதில் ஒரு கட்டளையே இருக்கிறது. மறுபடி மரத்தில் வெட்டினோம். இந்த முறை யாரும் மேசையில் வைக்கவில்லை. நௌபர் சேர் ஓட்டமாவடி பஸ்ஸில் போகும்போது அதைத் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, சித்தாண்டியில் இறங்கி, சாமித்தம்பியின் கைப்பிடியில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். காலையில் வந்து, "பெருவிரல் பூந்து நிக்கிது," என்றார்.

அலுமினியக் கட்டிதான் இல்லை. ஒன்று இருந்தது. தடைதாண்டல் பரீட்சைக்கு என் பெயரில் தந்த கட்டி, பழைய பத்திரிகையில் சுற்றி என் அலுமாரியில் கிடந்தது. பரீட்சைக்கு மூன்று கிழமை இருந்தது. நான் ஓர் இரவும் யோசிக்கவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் இரண்டு நாள் யோசித்தேன். மாணவர் தொகுதியில் எங்காவது கட்டி மிச்சம் இருக்கிறதா என்று களஞ்சியத்தில் கேட்டேன். பக்கத்துக் கல்லூரியில் கேட்டேன். இல்லாத இடத்தில் எல்லாம் கேட்டு முடிந்தபிறகுதான் அலுமாரியைத் திறந்தேன். இதைத் தியாகம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். பிழை என்னுடையது, கட்டியும் என் கையில் இருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. தரம் வேண்டாம் என்று எனக்கு இருந்ததே இல்லை.

கட்டியைக் கவ்வியில் இறுக்கினேன். தர்ஷிகா பக்கத்தில் நின்றாள். நௌபர் சேர் வந்து, சிவப்புக் குமிழில் விரலை வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார்.

"என்ன துண்டு?"

சொன்னேன். ம்.

"கட்டி யாருட?"

"பரீட்சைக்கு எனக்குத் தந்தது, சேர்."

ம் வரவில்லை. நான் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"வேற கட்டி வராது மிஸ். தெரியுந்தானே?"

"தெரியும்."

"எழுதித் தருவீங்களா?"

"மேசையில வச்சிரிக்கன். கையெழுத்தும் போட்டிரிக்கன்."

அவர் போய் அந்தத் தாளை எடுத்து, நின்ற நிலையில் ஒரு தரம், இருந்து ஒரு தரம் வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, விரலைப் பழையபடி குமிழில் வைத்தார்.

"ம்," என்றார். "எந்த வெட்டி?"

மற்றக் கேள்விகளுக்கும் சொன்னேன். முதல் அசைவு எந்தப் பக்கம் என்று கேட்டபோது, என் இடக்கைப் பக்கம் என்றேன். கை எங்கே என்றார். விசைக்கு மேலே என்றேன். பச்சைப் பொத்தானை அமத்தினேன்.

வெட்டி இறங்கி, பால்போலக் குளிர்நீர் பாய, அலுமினியம் சுருள் சுருளாகக் கழன்றது. நான் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன். பாதி வழியில், கவையைச் சுற்றி வெட்டும் மிக மெல்லிய இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், நௌபர் சேர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அஸருக்கு நேரமாகுது. நீங்க முடிங்க மிஸ்," என்றார்.

குமிழிலிருந்து விரலை எடுத்து, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் அப்படிப் போனதை நான் அதற்கு முன் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. தொழுகைக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது என்பதை நான் பிறகுதான் கவனித்தேன். பரீட்சை நாளில் பரீட்சைக்காரர் வந்தபோது என் பெயருக்கு நேரே 'சமுகமளிக்கவில்லை' என்று எழுதப்பட்டது. வந்த தரத்திலேயே ஓய்வு பெற்றேன். ஆனால் நான் சித்தியடையவில்லை என்று என்னால் முழு மனதோடு சொல்ல முடியாது.

விதைப்புக்குக் கடைசி நாளுக்கு மூன்று நாள் இருக்க, மூவரும் சித்தாண்டிக்குப் போனோம். வயல் வரம்பில் வைத்தே தர்ஷிகா துண்டை இறுக்கி, கேபிளை மாட்டினாள். சாமித்தம்பி இயந்திரத்தை இயக்கி, பெருவிரலை அமத்தினார். இயந்திரம் மெல்ல இடப்பக்கம் திரும்பியது. விட்டார், திரும்புவது நின்றது. திரும்ப அமத்தினார். இப்படி நாலைந்து தரம். அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கொஞ்சம் ஓடிப் பாத்திட்டு வாறன்," என்று தெருவுக்கு ஏற்றினார்.

நாங்கள் வரம்பில் நின்றோம். கேபிள் இழுபடுமா, துண்டு வழுக்குமா என்று பார்க்க நௌபர் சேர் ஒரு திருகுசாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சத்தம் சந்தி வரை போனது. அங்கே கொஞ்சம் தணிந்தது. நாங்கள் வாசிகசாலைப் பக்கம் காதைக் கொடுத்தோம். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பத்து நிமிடமாகியும் ஆள் திரும்பி வரவில்லை. விழுந்துவிட்டாரோ என்று நினைத்தேன். தர்ஷிகா ஓடத் தொடங்கினாள், நாங்கள் பின்னால் நடந்தோம்.

சந்தியில், புதுச் சேற்றுத் தடம் இடப்பக்கமாகத் திரும்பி ஒழுங்கைக்குள் போயிருந்தது. இயந்திரம் வீட்டு வாசலில் இயங்கிக்கொண்டு நின்றது. சாமித்தம்பி அதை நிறுத்தாமல் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது. எதிரே அவருடைய மனைவி அகப்பையும் கையுமாக, கோபமா பயமா என்று தெரியாத முகத்தோடு நின்றார்.

"என்ன, இவ்வளவு வெள்ளன வந்து நிக்கிறீங்க?" என்று கேட்டார். "நான் இன்னும் சோறு வடிக்கல்லயே."